பெல்ட்டைக் காட்டாத சாம்பியன்

போன வாரம் நம் வீதிக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் ஒரு கேள்வியைக் கொளுத்திப் போட்டார். 'டிவி மல்யுத்தத்தில் இதுவரைக்கும் வந்ததிலேயே படுமோசமான சாம்பியன் யார்?' அவ்வளவுதான். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள், பிள்ளைக்குக் கல்லூரி சீட்டுக்கு அலைகிறவர்கள், குழுவில் காலை வணக்கம் தவிர வேறெதுவும் போட்டறியாதவர்கள், எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டீர்கள். பொழுது சாய்கிற வரைக்கும் சண்டை ஓயவில்லை.

கடைசியில் ஒருவர் எழுதினார்: 'டிவியில எதுக்குங்க தேடறீங்க? நம்ம வீதிச் சாம்பியனை உட்டுப்போட்டீங்களே!' அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பவுண்டரிக்காரர் மகன் போட்டதுதான் அதிகம். 'அவன் இப்ப எங்க இருக்கான்?' என்று ஒருவர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குக் கீழேயும் உங்களில் யாரோ ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்போதே எழுதியிருந்தால் வாயில் வரக்கூடாததெல்லாம் வந்திருக்கும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன். விசில் வைத்திருந்தவள் நான்தானே, என் பேச்சையும் கேளுங்கள்.

நம் வீதிக் கடைசியில் உலோகம் உருக்கி வார்க்கிற பவுண்டரி. வார்ப்பு எடுத்து முடித்த மண்ணை அவர்கள் பக்கத்துக் காலியிடத்தில் கொட்டுவார்கள். கருப்பாக, எண்ணெய் பிசுபிசுப்பாக, கருகிய வெல்லப்பாகு வாசனையோடு ஒரு மண். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. உள்ளே இரும்புச் சில்லு கிடந்து முழங்காலைக் கிழிக்கும். அதுதான் நமக்கு மல்யுத்த மேடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பவுண்டரிக்காரர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து வெளிநாட்டு மல்யுத்தம் பார்ப்போம். வீதியில் கேபிள் அவர்கள் வீட்டில்தான் இருந்தது. பார்த்து முடித்த கையோடு மண்ணுக்கு ஓடுவோம். பெண்பிள்ளை மண்ணில் இறங்கக் கூடாது என்பதால் எனக்கு விசிலைக் கொடுத்து ரெப்ரீ ஆக்கினீர்கள்.

சண்டைக்கு முன்னால் மைக்கில் மிரட்டுவார்கள் அல்லவா, அதையும் விடவில்லை. என் அண்ணன் டார்ச் லைட்டை வாயருகில் பிடித்துக்கொண்டு முழங்குவான். "ஏனுங்க, மருவாதையா வந்து படுத்துக்குங்க. உங்க இடுப்பெ இன்னைக்கு ஒடச்சுப்போடறனுங்க!" இடுப்பை ஒடிக்கிறவனுக்கு என்ன 'ங்க' வேண்டிக் கிடக்கிறது என்று நமக்குத் தோன்றியதே இல்லை. நம்மூரில் அப்படித்தான். தலையை வெட்டினாலும் கேட்டுவிட்டுத்தான் வெட்டுவோம்.

கீழே போட்டு அமுக்கி எண்ணுகிற முறை நமக்கு ஒத்துவரவில்லை. எண்ணி முடிப்பதற்குள் புரண்டுவிட்டேன் என்று எவனாவது சத்தியம் பண்ணுவான். அதனால் அண்ணன் ஒரு சட்டம் போட்டான். பிடியில் மாட்டியவன் "போதுங்க" என்று சொன்னால் அவன் தோற்றான். சொல்வதற்குள் பிடித்தவன் கையை விட்டுவிட்டால் பிடித்தவன் தோற்றான். வெறும் "போதும்" செல்லாது. 'ங்க' போட்டுச் சொல்ல வேண்டும்.

இனி நம் வீதிச் சாம்பியனைப் பற்றி. எங்கள் வீட்டுக்கு அடுத்த போர்ஷனில் லேத்து மாமா குடியிருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், பின்பக்கம் இடுப்பளவு மதில். தெருமுனையில் அவருக்கு இரும்பு கடைகிற ஒரு லேத்துப் பட்டறை. ஒரு வருஷம் பொங்கல் கழிந்ததும் கிணத்துக்கடவிலிருந்து செத்துப்போன அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நம்மைவிட ஒரு வயது மூத்தவன், ஆனால் பார்த்தால் தெரியாது. நாம் எல்லாரும் வாடா போடா என்று திரிந்தபோது அவன் மட்டும் நமக்கெல்லாம் 'ங்க' போட்டான்.

லேத்து மாமாவை வீதியே தலையில் வைத்துக் கொண்டாடியது. குரல் உயர்த்தமாட்டார். நாயைக்கூட "அக்கட்டால போ கண்ணு" என்பார். பையன் வந்த கொஞ்ச நாளில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கிவந்தார். பட்டறை மூடிவிட்டு வந்ததும் பாட்டுப் போடுவார். சத்தமாக, சுவர் அதிரும்படி. என் அம்மா அடுப்படியிலிருந்து கூடவே பாடுவாள். "பாருங்க, தாயில்லாப் பையன் ஏங்கிப்போயிருவான்னு பாட்டுப்பொட்டி வாங்கி வெச்சிருக்கறாரு. எந்த மாமன் செய்வான்?" என்று வீதிப் பெண்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். எனக்கும் அந்தப் பாட்டுகள் பிடிக்கும். சில பாட்டுகளை இப்போது கேட்டால் டிவியை அணைத்துவிடுகிறேன், என் வீட்டுக்காரருக்குக் காரணம் தெரியாது.

முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டதும் சாம்பியனுக்கு ஒரு பெல்ட் வேண்டும் என்று முடிவெடுத்தோம். பெல்ட்டுக்கு ஏதாவது கொண்டுவருகிறவனுக்குத்தான் ஆட்டத்தில் இடம் என்று பவுண்டரிக்காரர் மகன் சொன்னான். அவன் பம்புசெட்டுக்கு வார்க்கிற வட்டமான அலுமினிய மூடி ஒன்றைக் கொண்டுவந்தான். அண்ணன் வீட்டுக் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சில்வர் பெயிண்டைக் கொண்டுவந்தான். பாக்கி பேர் நூலும் ஆணியும் ஜிகினாத் தாளும். லேத்து மாமாவின் மருமகன் சட்டைக்குள் சுருட்டி வைத்து ஒரு மெஷின் பெல்ட்டைக் கொண்டுவந்தான். லேத்தை ஓட்டுகிற பட்டையான பெல்ட். தடித்து, எண்ணெய் ஊறி, ஒரு முனையில் பல் பல்லாக இரும்புக் கிளிப்போடு இருந்தது.

"எங்கடா எடுத்தே?" என்றான் அண்ணன்.

"மாமா வீசிப்போட்டாருங்க."

"இந்தக் கிளிப்பெ என்ன பண்றது?"

"புடுங்கிருங்க. மொதல்ல அதெப் புடுங்கிருங்க" என்று பறந்தான். அவன் அவசரப்பட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பவுண்டரியிலிருந்து கொறடு வாங்கிவந்து பிடுங்கினீர்கள். கழன்று விழுந்த கிளிப்பை அவன் எடுத்துக்கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்தான். பெயிண்ட் அடித்து, நடுவில் மூடியை வைத்துத் தைத்ததும் பெல்ட் நிஜமாகவே ஜொலித்தது.

பெல்ட்டுக்கான முதல் போட்டியில் பவுண்டரிக்காரர் மகன் அவனைக் குப்புறப் போட்டு, கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கிக்கொண்டு மேலே உட்கார்ந்தான். எல்லாரும் முடிந்தது என்றுதான் நினைத்தோம். நான் மண்டியிட்டு அவன் வாயருகே காதை வைத்து, "சொல்றீங்களா?" என்று கேட்டேன். வாயெல்லாம் கருப்பு மண். அதைத் துப்பிவிட்டு, "இல்லீங்க அம்மணி. அவுருக்குத்தான் கை நோகுமாட்ட இருக்குது" என்றான். குசும்பு என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவன் கொழுப்பில் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னான். வெயில் ஏறியது. பவுண்டரிக்காரர் மகனை அவன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அவனுக்குக் கை மரத்துப்போய் விட்டுவிட்டான். நான் விசில் ஊதினேன். லேத்து மாமாவின் மருமகன் ஒரு அடிகூட அடிக்காமல் நம் வீதிச் சாம்பியன் ஆனான்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் உங்கள் விவாதம். ஞாயிறுதோறும் பேக்கரித் தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டு பவுண்டரி மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து பேசுவீர்கள். மோசமான சாம்பியன் என்றால் யார்? சண்டைக்கு நடுவில் இறங்கி ஓடிப்போய்ப் பெல்ட்டைக் காப்பாற்றிக்கொள்கிறவனா? கண்ணில் பவுடரைத் தூவுகிறவனா? கோட்டுப் போட்ட மேனேஜரை வைத்துக் காலை வாருகிறவனா? டிவியில் அந்த மாதிரி ஆட்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களையெல்லாம் கொஞ்சம் திட்டிவிட்டு, "அவனுகளாவது அடிப்பானுகடா" என்று இவனிடம் வந்து நிற்பீர்கள். அடி வாங்கியே ஜெயிக்கிறவன் சாம்பியனா? சட்டையைக் கழற்றாமல் சண்டை போடுகிற சாம்பியன் எந்த நாட்டிலாவது உண்டா? எல்லாவற்றுக்கும் மேலே, பெல்ட்டைக் காட்டாதவன் சாம்பியனா?

உண்மைதான், அவன் பெல்ட்டைக் காட்டவே இல்லை. சாம்பியன் என்றால் தோளில் போட்டுக்கொண்டு வீதியைச் சுற்ற வேண்டும், தலைக்குமேல் தூக்க வேண்டும். இவன் பெல்ட் கிடைத்த அன்றே ஒரு யூரியாச் சாக்கில் சுற்றி எங்கேயோ ஒளித்துவிட்டான். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. எங்கே என்று கேட்டால், "பத்தரமா இருக்குதுங்க" என்பான். அதைத் தவிர ஒரு வார்த்தை வராது. இதைப்போல ஒரு கேடுகெட்ட சாம்பியனை எவனும் பார்த்ததில்லை என்று நீங்கள் தீர்ப்பு எழுதினீர்கள். அவன் மதிலுக்குக் கீழே நின்று, பன்னில் பங்கு கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே தன்னைப் பற்றின விவாதத்தைக் கேட்பான். பன்னும் யாரும் கொடுத்ததில்லை.

அப்புறம் ஞாயிறு வரைக்கும் பொறுக்காமல் தினமும் சண்டை வைத்தீர்கள். எப்படியாவது அவனை "போதுங்க" சொல்ல வைக்க வேண்டும். விரல்களைப் பிரித்து வளைத்தீர்கள். மூக்கைப் பொத்தினீர்கள். கழுத்தில் கால்முட்டியை வைத்து அழுத்திக்கொண்டே ஒருத்தன் பன் தின்றான், அது யார் என்று உங்களுக்கே தெரியும். இவன் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான். வலிக்காத மாதிரி நடிப்பதுகூட இல்லை. மழைக்கு ஒதுங்கி நிற்கிறவன் மாதிரி, இது எப்படியும் ஒரு நேரத்தில் நிற்கும் என்று தெரிந்தவனாகக் கிடப்பான். நீங்கள்தான் களைத்துப்போய் விடுவீர்கள். ஒவ்வொரு முறையும் நான் விசில் ஊதுவேன். உங்களுக்கு என்மேலும் கோபம்.

ஒருநாள் அவனே சட்டையைக் கழற்றிவிட்டு மண்ணில் இறங்கினான். லீவு பாதி கழிந்திருக்கும். சிரித்துக்கொண்டே இறங்கினான், இப்போது என்ன சொல்வீர்கள் என்கிற மாதிரி. முதுகில் குறுக்கும் நெடுக்குமாக மங்கலாய்க் கோடுகள். ஆறி, தோல் நிறத்துக்கு வந்துகொண்டிருந்த பழைய கோடுகள். "பாய்ல படுத்த அச்சுடா" என்றான் ஒருத்தன். "கோடு போட்ட நோட்டு!" என்றான் பவுண்டரிக்காரர் மகன். மதிலே குலுங்கியது. அதோடு அதுவே அவன் பெயரும் ஆனது. அவன் திரும்பிப் போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டான்.

அந்தக் கோடை முழுக்க லேத்து மாமா வீட்டில் பாட்டு இல்லை. கன்னத்தில் அறை விழுகிற சத்தம் எப்போதாவது கேட்கும். அது எந்த வீட்டில்தான் கேட்காது? பாட்டு மட்டும் இல்லை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மதிலோரம் அவரைப் பார்த்தபோது, "ஏனுங்க, பாட்டுச் சத்தத்தையே காணோம். பொட்டி ரிப்பேருங்களா?" என்று விசாரித்தாள்.

"அதில்லீங்கக்கா. சாமான் ஒண்ணு காணாமப் போச்சு. தேடிட்டிருக்கறனுங்க" என்றார். அம்மா ஏதோ பாட்டுப்பெட்டிச் சாமான் என்று நினைத்துக்கொண்டு, டவுன்ஹால் பக்கம் போனால் கிடைக்கும் என்று யோசனை சொன்னாள்.

ஸ்கூல் திறக்கப் போகிற சமயம். டிவியில் ஒரு ஞாயிறு, நடத்தை சரியில்லை என்று மல்யுத்தக் கம்பெனி முதலாளியே மேடை ஏறி ஒரு சாம்பியனிடமிருந்து பெல்ட்டைப் பிடுங்கிவிட்டார். பவுண்டரிக்காரர் மகன் துள்ளிக் குதித்தான். நமக்கு முதலாளி இல்லையே என்று யாரோ கேட்டதற்கு, "நாம எல்லாருமே முதலாளிதான்டா" என்றான் என் அண்ணன். மண்ணில் நம் சாம்பியனை நடுவில் நிற்கவைத்து, சுற்றி நின்றுகொண்டீர்கள். மோசமான சாம்பியன் என்று நினைக்கிறவர்கள் கையைத் தூக்க வேண்டும். ரெப்ரீக்கு ஓட்டு இல்லை என்று என்னை ஒதுக்கினீர்கள். இருந்திருந்தால் நான் கிழித்திருப்பேன் என்று யோக்கியம் பேச வரவில்லை. எல்லாக் கையும் தூக்கியிருந்தது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

"என்ன சொல்றே?" என்று டார்ச் லைட்டை அவன் வாயருகில் நீட்டினான் அண்ணன்.

அவன் மைக்கில் பேசியது அந்த ஒரு தடவைதான். "என்னெ அடிச்சுக்குங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் அடிச்சுக்குங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டனுங்க. பெல்ட் மட்டும் எங்கிட்டயே இருக்கட்டுங்க."

எப்படிச் சிரித்தீர்கள்! ஒருத்தன் மண்ணில் விழுந்து புரண்டான். அந்தப் பேச்சை ரொம்ப நாளைக்கு நடித்துக் காட்டிக்கொண்டு திரிந்தீர்கள்.

அவன் மண்மேட்டின் பின்பக்கம் போய்க் கையாலேயே தோண்டி, சாக்கை எடுத்தான். பிரித்தபோது பெல்ட்டில் பெயிண்ட் ஒரு சொட்டுக்கூட உரியவில்லை. பவுண்டரிக்காரர் மகன் கையில் கொடுத்துவிட்டு, "வீதிக்கு மட்டும் கொண்டுபோயிராதீங்க. இங்கயே வெச்சுக்குங்க. கும்புட்டுக் கேக்கறனுங்க" என்றான். நிஜமாகவே கும்பிட்டான்.

வீதிக்குக் கொண்டுபோகாமல் இருப்பதற்கா பெல்ட்? பவுண்டரிக்காரர் மகன் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிள் கேரியரில் ஏறி நின்றான். என் அண்ணன் தள்ளினான். பின்னாலேயே கூச்சல் போட்டுக்கொண்டு கூட்டம். ஊர்வலம் லேத்துப் பட்டறை வாசலுக்கு வந்தபோது மாமா காட்டன் வேஸ்ட் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் பெல்ட்டைப் பார்த்தார்.

"அட, இங்க வாங்க கண்ணு. என்னங்க இது, நல்லா இருக்குதே?" என்று கையை நீட்டி வாங்கினார். உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். "எங்கீங்க கெடச்சுது?"

"உங்க மருமவன்தானுங்க குடுத்தான்!"

"அப்படீங்களா?" முகம் மாறவே இல்லை. "இதெத்தான் நானும் தேடாத எடமில்லீங்க. கை பழகுன சாமான் பாருங்க, வேற எடுத்தாச் செட்டாகறதில்லெ." கத்தியால் நூலை அறுத்து அலுமினிய மூடியைப் பவுண்டரிக்காரர் மகனிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பஞ்சை மண்ணெண்ணெயில் நனைத்துச் சில்வர் பெயிண்டைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே, "வெயில்ல வந்திருக்கறீங்க" என்று எதிர்க் கடையில் சொல்லி எல்லாருக்கும் பன்னீர் சோடா கொடுக்கச் சொன்னார். குடித்தோம். நானும் குடித்தேன். நல்ல குளிர்ச்சி. பெல்ட் போனதற்குப் பவுண்டரிக்காரர் மகன் கொஞ்சம் மூஞ்சியைத் தூக்கினான், இரண்டாவது சோடா வந்ததும் சரியாகிவிட்டான்.

படுமோசமான சாம்பியன் யார் என்று கேட்டீர்கள். பவுண்டரிக்காரர் மகனே, நீ சாம்பியனாக இருந்தது மண்மேட்டிலிருந்து பட்டறை வரைக்கும்தான். பெல்ட்டோடு போனாய், சோடாவோடு திரும்பினாய். இவன் ஒரு கோடை முழுக்க, அத்தனை பேர் ஏறி மிதித்தும், அந்தப் பெல்ட்டை ஒருத்தர் கண்ணில் படாமல் காத்தான். இப்போது போடு உன் சிரிப்புப் பொம்மையை.

இன்னும் முடியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் நான் பின்பக்கம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. லேத்து மாமா வீட்டில் பாட்டு ஆரம்பித்தது, பழையபடி சத்தமாக. "அப்பாடா, பொட்டி சரியாயிருச்சாட்ட இருக்குது!" என்று அம்மா உள்ளிருந்து கத்தினாள். கூடவே பாடினாள். ஒரு பாட்டு, அடுத்த பாட்டு, அதற்கடுத்தது. அப்புறம் டக்கென்று ஒரு சத்தம். கேசட்டில் அந்தப் பக்கம் தீர்ந்துவிட்டது.

பாட்டு நின்றது. மற்றது நிற்கவில்லை. ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, மறுபடியும். நடுவில் அவன் குரல்.

"போதுங்க மாமா. போதுங்க. போதுங்க."

'ங்க' போட்டு, தெளிவாக, நம் சட்டப்படி செல்லுகிற மாதிரி சொன்னான். கோடை முழுக்க உங்களில் ஒருத்தருக்கும் கிடைக்காத வார்த்தை. சொன்னதும் பிடித்தவன் விட வேண்டும் என்பது மண்மேட்டில்தான் சட்டம். விசில் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா கிரைண்டரை நிறுத்திவிட்டு மாவுக் கையோடு பின்பக்கம் வந்தாள். அந்த நேரம் சுவருக்கு அப்பால் எல்லாம் அமைதியாக இருந்தது. அம்மா மதிலை எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, நின்னு போச்சுங்களே. கேசட்டெத் திருப்பிப் போடுங்க. நல்ல பாட்டெல்லாம் அந்தப் பக்கந்தான் இருக்குது."

"இதோ போடறனுங்கக்கா" என்றார் லேத்து மாமா. திருப்பிப் போட்டார்.